மாத்திரை வாசலுக்கு வந்துவிட்டது... விளக்கம்?

“பிரசர் நார்மலா இருக்குனு சொன்னாங்க. அதான் நிறுத்திட்டேன்.”

மாத்திரையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் தமிழ்நாட்டின் எந்த ஆரம்ப சுகாதார நிலைய வாசலிலும் கிடைக்கக்கூடிய பதில் இது. இதைச் சொல்கிறவர் சோம்பேறியும் இல்லை, அரசாங்க மருந்தை நம்பாதவரும் இல்லை. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டோம், காய்ச்சல் விட்டது, நிறுத்தினோம். பிரசருக்கும் அதே கணக்குதான் என்று நினைத்தவர். கருவியைப் பார்த்து ‘நார்மல்’ என்று சொன்னவர், அதை அடுத்துச் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வரியை விட்டுவிட்டார்: “மாத்திரை போடுறதாலதான் இந்த அளவுல நிக்குது. விட்டீங்கன்னா மறுபடி ஏறிரும்.” சொல்ல ஐந்து விநாடிகூட ஆகாது. அது விட்டுப்போன வீட்டில் ஒருநாள் விடியும்போது நோயாளி கையும் காலும் இழுத்துக்கொண்டு கிடக்கலாம்.

நோயாளிக்கு விவரம் பத்தவில்லை என்பது மருத்துவத் துறையின் நெடுநாள் புகார். இந்தப் புகாரை நான் நம்புவதில்லை. விளக்கிச் சொல்வதும் ஒரு தொழில் நுணுக்கம்தான். ஊசி போடுவது, தையல் போடுவது மாதிரி அதையும் பழக்கித்தான் ஆகவேண்டும். நம் ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களுக்கு நாம் பழக்கிய வேலைகளில் அது கடைசி வரிசையில் நிற்கிறது.

இதைப் பேச ராமநாதபுரம் மாவட்டத்து நயினார்கோவில் நல்ல இடம். பரமக்குடியிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும் ஊர், ஒன்றியத்தின் தலைமையிடம். சுற்றிலும் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல், அதை ஒட்டி மிளகாயும் பருத்தியும், மிச்ச இடமெல்லாம் சீமைக் கருவேலம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய் விளையும் கரிசல் இதுதான். 2018-ல் மத்திய அரசு ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று பட்டியலிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து இரண்டே மாவட்டங்கள் அதில் இருந்தன. ஒன்று விருதுநகர், மற்றது ராமநாதபுரம். ஆனாலும் 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் எழுத்தறிவு 80 விழுக்காட்டைத் தொட்டுவிட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவருக்கும் மாத்திரைக் கவரில் இருக்கும் ‘1-0-1’ (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) புதிர்தான் என்பது வேறு கதை.

வீடு தேடி வந்த பெண்

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழ்நாடு அரசின் திட்டம் தொடங்கியது. அதற்கு ஒரு கசப்பான காரணம் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு தமிழ்நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில், இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது, சர்க்கரையில் 10.8. இத்தனைக்கும் இந்த மாநிலத்தில் 1994-லேயே மருந்து வாங்குவதற்கென்று தனிக் கழகம் வந்துவிட்டது. பக்கத்து மாவட்டங்களான சிவகங்கையிலும் விருதுநகரிலும் 2007-லேயே இரத்த அழுத்தத்துக்கான முன்னோட்டத் திட்டம் நடந்தது. மருந்து இருந்தது, டாக்டர் இருந்தார். மாதாமாதம் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாத நோயாளிதான் வரவில்லை.

அதனால் மாத்திரையே வீட்டுக்குப் போனது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து, பிரசர் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் கையில் கொடுத்து, தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய் ஊக்கத்தொகையில் வீடு வீடாக அனுப்பினார்கள். வட்டாரத்துக்கு ஒரு இயன்முறை மருத்துவர், படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்க ஒரு செவிலியர், துணை சுகாதார நிலையத்தில் இடைநிலைச் செவிலியர் என்று அணி சேர்ந்தது. 2022 டிசம்பரில் ஒரு கோடியாவது பயனாளி, 2024 நவம்பரில் இரண்டு கோடியாவது பயனாளி. 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது. மீண்டும் கணக்கெடுத்தபோது இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர்கள் சுமார் 17 விழுக்காடு ஆகியிருந்தார்கள்; சர்க்கரையிலும் ஏறக்குறைய அதே அளவு.

இரத்த அழுத்தக் கட்டுப்பாடு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது பெரிய வெற்றி, சந்தேகமே இல்லை. நூற்றில் மீதி 83 பேர் எங்கே? எல்லோருக்கும் மருந்து கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. பலருக்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது. சாமி படத்துக்குப் பின்னால், அரிசிப் பானைக்கு மேலே மாடத்தில், மஞ்சள் பைக்குள். போடப்படாமல், அல்லது தப்பாகப் போடப்பட்டு.

2006-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இந்த மாடத்தைப் பற்றித்தான் பேசுகிறது என்று எனக்குத் தோன்றும். டெர்ரி டேவிஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 395 நோயாளிகளிடம் மருந்து லேபிள்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். ‘தினம் இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு மாத்திரை’ என்பது அதில் ஒன்று. படிப்பு குறைந்தவர்களிலும் 71 விழுக்காட்டினர் அதைச் சரியாகப் படித்துச் சொன்னார்கள். “அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை? எண்ணிக் காட்டுங்கள்” என்றபோது சரியாகக் காட்டியவர்கள் 35 விழுக்காடுதான். வாய் சரியாகச் சொன்னதைக் கை சரியாகச் செய்யவில்லை. ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டு ‘சரிங்கம்மா’ என்ற பதிலோடு திரும்பும் ஒவ்வொரு பணியாளரும் இந்த இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு மருந்தும் எளிமையானதுதான். சொல்லி முடித்ததும் நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்வது, செய்து காட்டச் சொல்வது. பரீட்சை வைக்கிற தொனியில் கேட்டால் காரியம் கெடும். “அப்பத்தா, நான் சரியாச் சொன்னேனான்னு தெரியல. ராத்திரிக்கு எந்த மாத்திரையைப் போடுவீங்க, எடுத்துக் காட்டுங்க பாப்போம்” என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு கேட்க வேண்டும். சான்பிரான்சிஸ்கோவில் டீன் ஷில்லிங்கர் குழு சர்க்கரை நோயாளிகளுக்கும் டாக்டர்களுக்கும் நடந்த பேச்சை ஒலிப்பதிவு செய்து பார்த்தது. புதிதாகச் சொன்ன விஷயங்களில் 12 விழுக்காட்டைத்தான் டாக்டர்கள் இப்படிச் சரிபார்த்திருந்தார்கள். சரிபார்த்த டாக்டர்களின் நோயாளிகளுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. ஆய்வு வந்தது 2003-ல்.

கருவாடும் கருப்பட்டியும்

சரிபார்க்கத் தொடங்கினால்தான் உள்ளூர்ச் சிக்கல்கள் வெளியே வரும். பாடப்புத்தகத்தில் அவற்றுக்கு இடம் இல்லை.

‘உப்பைக் குறைங்க’ என்று சொல்கிறோம். “சோத்துல உப்பே போடுறதில்லம்மா” என்கிறார். உண்மையும் அதுதான். தொட்டுக்கொள்ளக் கருவாடு இருக்கிறது, கூழுக்கு மோர் மிளகாய் இருக்கிறது. ராமநாதபுரம் சீமையில் கருவாட்டின் பெயரைச் சொல்லாத உப்பு ஆலோசனை பாதி ஆலோசனை. ‘சீனியைத் தொடாதீங்க’ என்றால் தொடுவதில்லை, பனங்கருப்பட்டிதான். கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்பது பனைமரம் நிற்கும் ஊர்களில் ஊறிப்போன நம்பிக்கை. அது பனையிலிருந்து வருவதால் நம்முடைய பண்டம், நம்முடைய பண்டம் நம்மைக் கெடுக்காது என்கிற நம்பிக்கை அது. இதைச் சிரித்துத் தள்ளிவிட்டால், அடுத்த முறை அவர் உண்மையைச் சொல்ல மாட்டார்.

‘காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யாருடைய காலை? மிளகாய் பறிக்கப் போகிற பெண் வெயிலுக்கு முந்திக்கொள்ள இருட்டிலேயே கிளம்புகிறாள். கஞ்சி காட்டுக்குப் போன பிறகுதான். வீட்டிலேயே சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு இரண்டு மணி நேரம் குனிந்து பறித்தால், சில வகை மாத்திரைகள் சர்க்கரையை ஒரேயடியாகக் கீழே இறக்கிவிடும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கண் இருட்டும். ‘மாத்திரை ஒத்துக்கல’ என்று அன்றோடு நிறுத்திவிடுவாள். பணியாளர் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “காலையில எத்தனை மணிக்கு வாயில சோறு வைப்பீங்க?” நோன்பு மாதத்தில் கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் இதே கேள்வி வேறு வடிவம் எடுக்கும். சஹருக்கு எந்த மாத்திரை, நோன்பு திறக்கும்போது எந்த மாத்திரை என்பதை நோன்புக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்து, வீட்டில் சொல்ல வேண்டும். நோன்பு தொடங்கிப் பத்து நாள் கழித்துச் சொல்லிப் பயனில்லை.

இன்னொரு சின்ன விஷயம். போன மாதம் வந்த மாத்திரை ஒரு நிறம், இந்த மாதம் வந்தது வேறு நிறம். டெண்டர் எடுத்த கம்பெனி மாறியிருக்கும், மருந்து ஒன்றே. எழுத்தை நம்பாமல் நிறத்தை நம்பி மாத்திரை போடுகிறவர் இதை என்ன செய்வார்? பழசையும் புதுசையும் சேர்த்துப் போடுவார், அல்லது புதுசைத் தொடவே மாட்டார். நிறம் மாறிய மாதம் அதைச் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும் என்பதை, மருந்து கொடுக்கும் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவருக்கும் வீட்டுக்குப் போகும் பெண்ணுக்கும் யாராவது சொல்லித்தர வேண்டும்.

நாகநாதர் சன்னதியும் இருபது நிமிடமும்

நயினார்கோவிலுக்கு வந்துவிட்டு நாகநாதரைப் பேசாமல் போக முடியாது. ராமநாதபுரம் சமஸ்தான தேவஸ்தானக் கோயில்களில் ஒன்று. நாகநாதர், சௌந்தரநாயகி, வாசுகி தீர்த்தம். விஷக்கடி பட்டவர்கள் இங்கே வந்து தங்கினால் குணமாகும் என்பது தலைமுறை நம்பிக்கை. பேச்சு வராத ஒரு முஸ்லிம் பெண் இந்தச் சன்னதியில் ‘நயினாரே’ என்று வாய் திறந்தாள், அதிலிருந்துதான் ஊர்ப்பெயர் என்று தலக்கதை சொல்கிறது. முஸ்லிம்களும் வருகிற கோயில்.

இப்போது பாம்பின் பக்கம். இந்தியாவில் 2000-லிருந்து 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியால் இறந்தார்கள் என்பது 2020-ல் வெளியான மதிப்பீடு. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு 1939-ம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ், பாம்புக் கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான் இந்தியாவில் தயாராகிறது. அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியை எடுத்துத் தருவது மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம்.

மருந்து இருந்தும் உயிர் போவது எங்கே? கட்டுவிரியனைப் பாருங்கள். ராத்திரி தரையில் பாய் விரித்துப் படுத்தவரைக் கடிக்கும். வலி பெரிதாக இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாது. விடியக்காலையில் வயிற்று வலி என்பார். பிறகு இமை தானாகக் கீழே இறங்கும், பேச்சு குழறும், மூச்சு திணறும். ‘தூக்கக் கலக்கம்’ என்று வீட்டார் விட்டுவிடுகிற அந்த இமையைத் தெரிந்துகொள்ளச் சொல்லித்தருவதுதான் இந்தக் கரிசல் காட்டில் ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் செய்யக்கூடிய பெரிய காரியங்களில் ஒன்று.

அடுத்தது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள். விரியன் கடித்ததா என்று சந்தேகம் வந்தால் கொஞ்சம் இரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் நிறுத்திவைப்பார்கள். பிறகு மெல்லச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் இரத்தத்தில் ஏறியிருக்கிறது. பெரும்பாலும் எட்டு முதல் பத்துக் குப்பி மருந்து ஏற்றத் தொடங்க வேண்டும். செலவில்லாத, அருமையான சோதனை. வெளியே நிற்கிற மச்சானுக்கும் மாமனுக்கும் அது எப்படித் தெரியும்? ‘ஆள் துடிக்கிறான், இவங்க ஒரு குழாயை வச்சு வேடிக்கை பாக்குறாங்க.’ சத்தம், தள்ளுமுள்ளு, ஆளைத் தூக்கிக்கொண்டு வேறு எங்காவது ஓடுவது. உறைந்துவிட்டது, விஷக்குறி எதுவும் இல்லை என்றால் இன்னும் மோசம். மருந்து ஏற்றாமல் 24 மணி நேரம் படுக்கவைத்துப் பார்ப்பார்கள். மருந்தே ஒவ்வாமையைக் கிளப்பக்கூடும் என்பதால் தேவையில்லாமல் ஏற்றக்கூடாது. அதையும் ‘கண்டுக்கல’ என்றுதான் உறவினர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த இருபது நிமிடத்தில் பேச ஒரு ஆள் வேண்டும். குழாயை அவர்களிடமே காட்டி, “இந்த ரத்தம் உறையுதான்னு பாக்குறோம்ணே. உறையலைனா உடனே மருந்து ஏத்திருவோம். கடிகாரத்தை நீங்களே பாருங்க, எத்தனை மணிக்கு ஆகும்னு சொல்லுங்க” என்று சொன்னால் போதும். உறவினரே காவலாளி ஆகிவிடுவார். இதைச் சொல்ல எம்.பி.பி.எஸ். வேண்டாம். பணியில் இருக்கும் செவிலியரோ மருத்துவமனைப் பணியாளரோ சொல்லலாம், முன்கூட்டி ஒருதரம் நடித்துப் பழகியிருந்தால்.

கோயில் விஷயத்திலும் அப்படித்தான். ‘மூடநம்பிக்கை, கோயிலுக்குப் போகாதீங்க’ என்ற பிரசாரம் இந்த ஊரில் எடுபடாது; எடுபட வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. “சாமி எங்கயும் போயிராது. கடிபட்ட காலை ஆட்டாம, கயித்தைக் கட்டாம, கீறாம, 108-ல ஏத்துங்க. ஊசி போட்டு எந்திரிச்சு வந்து நாகநாதருக்குப் பால் ஊத்துங்க.” இந்த வரிசை மாற்றம் ஒன்றே போதும். கோயில் வாசலில் இதே வரிகளைப் பெரிய எழுத்தில் ஒரு பலகையாக வைத்து, அர்ச்சகரிடமும் பூக்கடைக்காரரிடமும் பேசி வைத்தால், சுகாதாரத் துறைக்கு இதைவிட நல்ல விளம்பர இடம் மாவட்டத்தில் கிடைக்காது. விஷக்கடிக்காரர் முதலில் எந்த வாசலுக்கு வருவார் என்று ஊருக்கே தெரியும்போது, அந்த வாசலிலேயே நிற்பதுதான் புத்தி.

யார் பழக்குவது, எப்போது

தமிழ்நாட்டுக்கு இது அந்நியமான கலை இல்லை. டாக்டர் சௌந்தரம் தன் கணவர் ராமச்சந்திரனோடு சேர்ந்து 1947-ல் தொடங்கிய காந்திகிராமத்தில், 1964-லிருந்து கிராமியச் சுகாதார நிறுவனம் இயங்குகிறது. சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவிப்பதில் அதற்கு நீண்ட அனுபவம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையில் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியபோது, அங்கே பாடம் சொன்ன தொண்டர்கள் கற்றுக்கொண்ட முதல் பாடமே கேட்பவரின் வாழ்க்கையிலிருந்து பேச்சைத் தொடங்குவதுதான். அந்தத் தொண்டர்களைப் போன்ற உள்ளூர்ப் பெண்கள்தான் இன்று மாத்திரைப் பையோடு வீடு வீடாகப் போகிறார்கள்.

அவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சி பெரும்பாலும் கருவி, மருந்துப் பெயர், செயலியில் பதிவு என்ற வட்டத்திலேயே சுற்றுகிறது. பெரிய அரங்கில் திரையில் படம் ஓட்டி, மதியச் சாப்பாட்டோடு முடிகிற பயிற்சியால் பேச்சு மாறாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் கூட்டம் நடக்கத்தானே செய்கிறது? அதில் ஒரு மணி நேரத்தை எடுத்து, ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் பணியாளராகவும் எதிரெதிரே உட்காரட்டும். உண்மையான மாத்திரைப் பட்டையும் கவரும் கையில் இருக்கட்டும். நோயாளியாக நடிப்பவர் கருப்பட்டிக் காப்பி குடிப்பவராக, இருட்டில் வேலைக்குப் போகிறவராக, நிறம் மாறிய மாத்திரையைப் பார்த்து மிரண்டவராக இருக்கட்டும். மருந்தாளுநரும் உட்காரட்டும், டாக்டரும் உட்காரட்டும். யார் பேச்சில் ‘நார்மல்’, ‘கண்ட்ரோல்’, ‘பாசிட்டிவ்’ என்று வந்து விழுகிறதோ அவரை மற்றவர்கள் பிடிக்கட்டும். ‘பாசிட்டிவ்’ என்றால் நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டு வீடு போனவர்களும் உண்டு.

நேரம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. காலை ஓ.பி.யில் கூட்டம் நெருக்கும்போது டாக்டர் ஒவ்வொருவரிடமும் திருப்பிச் சொல்லச் சொன்னால் வரிசை ரோட்டுக்கு வந்துவிடும். அதனால்தான் வீட்டுக்குப் போகும் பெண் முக்கியமாகிறாள். அவள் அதே ஊர்ப் பேச்சுப் பேசுகிறாள், திண்ணையில் உட்காருகிறாள், அடுப்படியில் என்ன வேகிறது என்று அவளுக்குத் தெரியும். அதிலேயே ஒரு தொல்லையும் இருக்கிறது. பக்கத்துத் தெருக்காரியிடம் காசநோயையோ கருக்கலைந்ததையோ யார் சொல்வார்கள்? காதில் விழுந்ததை வெளியே விடாமலிருப்பதும் பயிற்சியில் பாதி. அதைச் சொல்லித்தராமல் ‘நல்லாப் பேசு’ என்று மட்டும் அனுப்பினால், பேச்சு ஊரெல்லாம் பரவி, கதவுகள் மூடிக்கொள்ளும்.

ஊக்கத்தொகையில் வேலை செய்கிற பெண்ணிடம் வீட்டு எண்ணிக்கையையும் பதிவு எண்ணிக்கையையும் வைத்தே கணக்குக் கேட்டால், அவள் எண்ணிக்கையைத்தான் கொண்டுவந்து கொடுப்பாள். அதில் அவள் தப்பு எதுவும் இல்லை. எனக்கிருக்கும் பயம் வேறு. இந்த யோசனை எப்படியோ மேலே போய், யாராவது ஒரு அதிகாரிக்குப் பிடித்துப்போய், செயலியில் ‘நோயாளிக்குப் புரிந்ததா? ஆம் / இல்லை’ என்று ஒரு புதுக் கட்டத்தைச் சேர்த்துவிடுவார்கள். அன்றிலிருந்து தமிழ்நாட்டில் நூற்றுக்கு நூறு பேருக்கும் புரிந்துவிடும். தயவுசெய்து அந்தக் கட்டத்தைப் போடாதீர்கள். மேற்பார்வைக்குப் போகிற பகுதி சுகாதாரச் செவிலியர் பதிவேட்டைப் புரட்டுவதற்கு முன்னால் இரண்டு வீடுகளில் ஏறி, “அம்மாச்சி, அந்த மஞ்சப் பையை எடுத்துட்டு வாங்க. எதை எப்பப் போடுவீங்க, காட்டுங்க” என்று கேட்டுவிட்டு வரட்டும். தப்பாகக் காட்டினால் அம்மாச்சியையும் திட்ட வேண்டாம், அந்தப் பெண்ணையும் திட்ட வேண்டாம். அடுத்த மாதக் கூட்டத்தில் அந்த மஞ்சள் பையை வைத்தே நடித்துப் பார்க்கலாம்.